மூன்று விரல் உயரம்

வெங்காயம் எடுக்கத்தான் ரெஜின் கொட்டகைக்குப் போனாள். வெங்காயச் சரம் தொங்கும் ஆணிக்குக் கீழேயே, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று உறுதியாக நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அப்படி நினைத்துக்கொண்டு நுழைகிறவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். பின்சீட்டு உயர்ந்திருந்தது.

அந்தச் சீட்டைத் தாங்கும் கம்பியில் சிவப்பாக ஒரு கோடு உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால், சைக்கிளை வாங்கி வந்த அன்று, அவளுடைய நகப்பூச்சை எடுத்து அவள் கணவன் ஒனொரே போட்ட கோடு. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டும்போதெல்லாம் கோடு சரியாகக் குழாயின் வாயில் வந்து உட்காரும்படி சீட்டை இறக்கி முடுக்குவான். பூச்சு உதிர்ந்தால் புதிதாகத் தீட்டுவான். ரெஜின் அந்த நிறத்தை விட்டுப் பல காலம் ஆயிற்று. அவள் விரலில் இல்லாத நிறம் கம்பியில் மட்டும் பளபளவென்று இருந்தது. இன்றைக்குக் கோடு குழாயை விட்டு மேலே ஏறி நின்றது. கோட்டுக்குக் கீழே, இருபது வருடமாக வெளிச்சமே பார்க்காத கம்பி புத்தம் புதுசாக மின்னியது. கையை வைத்து அளந்தாள். முழுசாக மூன்று விரல்.

வெங்காயத்தை மறந்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள். மூன்று விரல் என்றால் எவ்வளவு நீளக் கால் அது என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்தக் கால் வளர்ந்துகொண்டே போயிற்று.

காலுக்குச் சொந்தக்காரி இர்மா. கணவனை இழந்தவள். போன இலையுதிர் காலத்தில் நீஸ் நகரத்திலிருந்து வந்து, மேலத்தெருக் கடைசியில் ஒரு வீட்டை வாங்கி, மலை நடக்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். ரெஜின் அவளை நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. பார்த்தது எல்லாம் உயரத்தில்: வீட்டுப் படிமேல் நின்று துணி உதறும்போது, அல்லது போன வாரத்திலிருந்து ஒனொரேயின் முதுகுக்குப் பின்னால் சீட்டில் ஏறி உட்கார்ந்து தெருவைக் கடக்கும்போது. உச்சந்தலையில் கொண்டையைக் கோபுரமாகக் கட்டியிருப்பாள். அது வேறு.

இத்தனைக்கும் வினையை விலை கொடுத்து வாங்கியவள் ரெஜின்தான். மூன்று வருடமாக அவளுக்கு வலது முழங்காலில் வலி. நடந்தால் ஏதோ பொறுத்துக்கொள்ளலாம். பெடலை மிதித்தால் கத்தியை விட்டுக் குடைகிற மாதிரி இருக்கும். வயசு, தேய்மானம், இனிமேல் ஏற்றத்தில் மிதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோடை முடிகிற சமயத்தில் ஒருநாள், சாப்பாட்டு மேஜையில், பெரிய மனசு பண்ணுகிறவள் மாதிரி அவள் சொன்னாள்: "என்னால சைக்கிள் சும்மா துருப்பிடிக்க வேண்டாம். வேற யாரையாவது பின்னாடி ஒக்கார வச்சுக்கோ."

நீ இல்லாமல் எனக்கென்ன சைக்கிள் என்று அவன் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சொன்னாள். ஒனொரே ரொட்டியை மென்று முடித்துவிட்டு, "சரி," என்றான்.

அவன் அப்படிப்பட்ட ஆள். மலை ரயிலில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். சிவப்புக்கொடி என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை, நடுவில் ஒன்றும் கிடையாது. ஒரு கோடையில் முலாம்பழம் சப்பென்று இருக்கிறது, வாங்காதே என்று ரெஜின் சொன்னாள். அந்த வருடப் பழத்தைத்தான் சொன்னாள். ஏழெட்டுக் கோடை போய்விட்டது, இன்றுவரை அந்த வீட்டுக்குள் முலாம்பழம் நுழையவில்லை. சந்தையில் அவற்றைத் தாண்டிப் போகும்போது அவன் கொஞ்சம் ஏக்கமாகப் பார்ப்பான் என்பது மட்டும் உண்டு.

சீட்டைப் பார்த்த மறுநாள் காலை அவன் காப்பிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி பேச்சை எடுத்தான்.

"வியாழக்கெழம வெர்னாவுக்கு ஏறப் போறோம். ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா ஏறிப் பாத்துரலாம்னு."

"போறோம்னா?"

"நானும் இர்மாவும்."

"பெரிய வெர்னாவோட திரும்பிருவீங்களா?"

"இல்ல. குட்டி வெர்னா வரைக்கும். கோயில் வரைக்கும்."

ரெஜின் ரொட்டியைக் கீழே வைத்தாள். பெரிய வெர்னா கணவாயைத் தாண்டி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஒரு ஏற்றம் ஏறினால் குட்டி வெர்னா. அங்கே லூசியம்மாள் கோயில் இருக்கிறது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்கில் உள்ள இரட்டைச் சைக்கிள்கள் எல்லாம் அங்கே ஏறும். முன்னால் உட்கார்ந்தவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பின்னால் உட்கார்ந்தவர் இறங்கிப் போய்க் கோயில் மணியை அடிக்க வேண்டும். வழி முழுக்க ஒரு முதுகைத் தவிர வேறெதையும் பார்க்காமல் மிதித்து வந்தவருக்கு அந்த மணி. முன்சீட்டுக்காரர் கயிற்றைத் தொட்டால் கூட மற்றவர்கள் முறைப்பார்கள். இருபது செப்டம்பர் ரெஜின் அடித்திருக்கிறாள். கயிற்றில் எந்த முடிச்சு உள்ளங்கையில் உறுத்தும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"அப்ப இந்த வருஷம் மணி யாரு அடிப்பா?" என்று கேட்டாள்.

ஒனொரே இதென்ன கேள்வி என்பது போல் நிமிர்ந்து பார்த்தான். "பின்னாடி ஒக்காந்திருக்கறவங்கதானே."

வயிறு எரிந்தது என்று எழுதினால் அது ஏதோ பேச்சுக்கு எழுதுவதாக ஆகிவிடும். நிஜமாகவே எரிந்தது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், அப்போதும் அடங்கவில்லை.

எரிகிற இடத்தில் எண்ணெய் விடுவதற்கென்றே ஊரில் பேக்கரி பெர்த் இருந்தாள். ரெஜினோடு ஒன்றாகப் படித்தவள். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி ரெஜின், ஒன் ஆளு சைக்கிள் ஓட்டறானா, ஜெபம் பண்றானா?"

"என்னடி சொல்ற?"

"போன வாரம் தண்ணித் தொட்டிகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. நான் கடையிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் தரையில மண்டி போட்டு ஒக்காந்திருக்கான். அவ அவன் தோள்ல கைய ஊனிக்கிட்டு நிக்கறா."

"மண்டி போட்டா?"

"மண்டி போட்டுத்தான். எனக்குத் தெரிஞ்சு ஒன்னப் பொண்ணு கேக்கறப்பக்கூட அவன் மண்டி போடல. நின்னுக்கிட்டே கேட்டான், மழை வருமான்னு கேக்கற மாதிரி."

"செயின் கழண்டிருக்கும்."

"இருக்கும் இருக்கும். செயின் கழண்டாத்தான் அவ அப்படிச் சிரிப்பாளாக்கும். இன்னொண்ணு கேளு. போன மாசம் வரைக்கும் அவன 'நீங்க, வாங்க'ன்னு இருந்தா. இப்ப 'நீ, வா'ன்னு ஆயிருச்சு. எனக்கெதுக்குடி வம்பு. ஒரு ரொட்டி போதுமா, ரெண்டா?"

ரெஜினுக்குக் கணக்கு நேராகிவிட்டது. மண்டி போட்டிருக்கிறான். கால் அளவு எடுத்திருக்கிறான். அந்த நீளக் காலுக்கு ஏற்ற மாதிரி, அவளுடைய சிவப்புக் கோட்டை மூன்று விரல் தூக்கி எறிந்திருக்கிறான். தெருவில் நடக்கும்போது அவளுக்குத் தன் காலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அறுபத்தொரு வருடம் உழைத்த கால். அதைக் குட்டை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, அவளே சொல்லிக்கொண்டாள்.

பெர்த்தின் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் முடிவெடுத்துவிட்டாள். வியாழக்கிழமை கணவாயில் அவர்கள் வந்து இறங்கும்போது அவள் அங்கே நிற்க வேண்டும். நின்று என்ன செய்வது என்பதை ஏறும்போது யோசித்துக்கொள்ளலாம்.

"வியாழக்கெழம நான் மாந்தோனுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். காலைல பஸ்ஸுக்கு," என்று ஒனொரேயிடம் சொன்னாள்.

"சரி," என்றான். அதோடு விட்டிருக்கலாம். வியாழக்கிழமை விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய், பழுத்த தக்காளியாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து, ஒரு பை நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். "அக்காவுக்குக் குடு. அவளுக்குப் பிடிக்கும்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் நிற்கும் பக்கம் நாலு எட்டு வைத்து, மாதா கோயில் சுவர் மறைத்ததும் திரும்பி, பழைய கழுதைப் பாதையில் ஏறினாள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் தக்காளி.

அந்தப் பாதையில்தான் ஒரு காலத்தில் கடலிலிருந்து உப்பு மூட்டை மேலே போயிற்று. கல் பாவிய செங்குத்தான பாதை. தார்ச்சாலை வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு ஏறும். பாதை அந்த வளைவுகளைக் குறுக்கே வெட்டி நேராக மேலே போகும். எவ்வளவு நன்றாக மிதித்தாலும், முன்னாலேயே கிளம்பியவள் முந்திக்கொள்ளலாம் என்று ரெஜின் கணக்குப் போட்டிருந்தாள். ஏற்றத்தில் நடக்கும்போது முழங்கால் அவ்வளவாக வாய் திறக்காது. இறக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். தக்காளிப் பையை ஒலிவ மரத்தடியில் போட்டுவிட்டுப் போகலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். நல்ல தக்காளி. மனசு வரவில்லை.

ஏறிக்கொண்டே சண்டைக்கு ஒத்திகை பார்த்தாள். முதலில் ஏளனமாக: "என்ன, மூச்சு வாங்குதா ரெண்டு பேருக்கும்?" அது போதாது. பிறகு கம்பீரமாக: "சைக்கிள எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம்." அது பொய். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம், "அது என் மணி." அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். காட்டுப்பூண்டு வாசத்தில் நின்றுகொண்டு, அறுபத்தொரு வயதில், சின்னப்பிள்ளை பொம்மைக்கு அழுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் அதுதான் உண்மை, என்ன செய்ய.

பாதை மூன்றாவது முறை சாலையைக் குறுக்கே கடக்கிற இடத்துக்கு வந்தபோது கீழே செயின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சட்டென்று ஒரு முட்புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கட்டிய புருஷன் போவதைப் பார்க்கத் தான் புதருக்குள் ஒளிய வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. தக்காளிப் பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

பேச்சு முதலில் வந்தது, சைக்கிள் பிறகு.

"முன்னாடி என்ன தெரியுது?" இர்மாவின் குரல்.

"ரோடு," என்றான் ஒனொரே.

"ரோடு எனக்கும்தான் தெரியுது, கீழ. எனக்கு ஒன் முதுகு மறைக்குதுப்பா. வேற என்ன தெரியுது, சொல்லு."

பிறகு ரெஜின் தன் காதையே நம்பாத ஒன்று நடந்தது. ஒனொரே பேசினான்.

"வலப்பக்கம் ஒரு வளைவு. அங்க ஒரு பைன் மரம் ஒடஞ்சு கெடக்கு. அதுக்கு அந்தாண்ட மலை ரெண்டா பிரியுது. நடுவுல கடல். முழுசா இல்ல, ஒரு துண்டு. கப்பல் ஒண்ணு நிக்குது. வெள்ளக் கப்பல்."

"பெருசா?"

"இங்கேருந்து பாத்தா கட்டவிரல் நகம் அளவு. பொக வருது. ஆனா நகரல."

சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். ரெஜின் புதருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

இருபது வருடம். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் கேட்ட வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். குழி. கியர். வளைவு. நிறுத்தறேன். அவனுக்குக் கண்ணில் வேறெதுவும் படுவதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவனுடைய சட்டையில் எந்தத் தையல் விட்டிருக்கிறது, கழுத்துக்குப் பின்னால் எந்த வருடம் முடி நரைக்க ஆரம்பித்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடலில் கப்பல் நிற்கும் என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சீட்டைத் தூக்கியது கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. மணியைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம். அந்தக் கப்பலை அவளால் பொறுக்க முடியவில்லை. கண் கலங்கியது, கலங்கியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் ஏறிய வேகத்தை அந்த டாக்டர் பார்த்திருந்தால் தன் மருந்துச் சீட்டையே திருத்தி எழுதியிருப்பார். சாலை கடைசியாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றும் இடத்தில் பாதை நேராக மேலே போயிற்று. கணவாய்க்கு வந்து, இடிந்துபோன காவல் வீட்டுச் சுவர் மேல் உட்கார்ந்து, அவள் மூச்சு அடங்குவதற்கும் இரட்டைச் சைக்கிள் கடைசி வளைவில் தலை காட்டுவதற்கும் சரியாக இருந்தது.

ஒனொரே அவளைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வழக்கம் போல வண்டியைத் தாங்கிக்கொண்டு நின்றான்.

"நீ மாந்தோன் போகல?"

"போகல."

அவன் யோசித்தான். "தக்காளி?"

"இங்கதான் இருக்கு ஒன் தக்காளி."

இர்மா பின்சீட்டிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெஜினிடம் வந்தாள். ரெஜின் சுவரை விட்டு எழுந்து நின்றாள். ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களும் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று எண்ணி முகத்தைத் தூக்கியவளுக்கு எதிரே வெறும் வானம் இருந்தது. இர்மாவின் கண்கள் அவள் கண்களுக்கு நேராக, ஒரே மட்டத்தில் இருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றியபோது கோபுரக் கொண்டையும் இல்லை. வியர்வையில் ஒட்டிப்போன தலை. அளந்து வைத்த மாதிரி இரண்டு பேரும் ஒரே உயரம்.

"ஒங்க கால் எங்க?" என்று கேட்டுவிட்டாள் ரெஜின்.

"என்னது?"

"நீளக் காலு. சீட்டு மூணு விரல் ஏறியிருக்கே."

இர்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள், பிறகு சிரித்தாள். "எனக்கா நீளக் காலு? எங்கம்மா என்னக் குட்ட வாத்துன்னுதான் கூப்பிடுவா. சீட்டு கீழ கெடந்துச்சு ரெஜின். ஏறி ஒக்காந்தா முட்டி வந்து மொகத்துல இடிக்குது. தண்ணித் தொட்டி வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு முட்டியும் கழண்டுரும்போல ஆயிருச்சு. யாருப்பா இதுல ஒக்காந்திருந்தது, கொழந்தையான்னு கேட்டேன். அந்தச் செவப்புக் கோடுதான் அளவுன்னு சொன்னாரு. கோடு கெடக்கட்டும், நீ தூக்குன்னு சொன்னேன். அங்கயே மண்டி போட்டுத் தூக்கினாரு. அப்பறம் ஒரு வலியும் இல்ல."

கணவாயில் காற்று அடித்தது. ரெஜின் மெதுவாகத் திரும்பி ஒனொரேயைப் பார்த்தாள். அவன் இன்னும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருபது வருஷம்," என்றாள்.

"நீதான சொன்ன," என்றான் ஒனொரே. "மொத நாளு. கால் தரையில படணும், இல்லன்னா விழுந்துருவேன்னு. படற எடத்துல கோடு போட்டேன்."

"அது மொத நாளு."

"அப்பறம் நீ ஒண்ணும் சொல்லல."

"நிறுத்தும்போது வண்டியத் தாங்கறது நீ. என் காலு எதுக்குத் தரையில படணும்? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவன் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். "ஆனா நீ கேட்டியே."

"முட்டி வலிக்குது வலிக்குதுன்னு மூணு வருஷமா கத்தறேன்."

"முட்டி வலிக்குதுன்னு சொன்ன. சீட்டப் பத்திச் சொல்லல."

அவன் அதைச் சாமர்த்தியத்துக்குச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவளுடைய வலது முழங்காலையும் கம்பியில் மின்னிய மூன்று விரல் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முலாம்பழக் கடையைத் தாண்டும்போது பார்க்கிற பார்வை அல்ல அது. அவனுக்கு இப்போதுதான் உறைத்தது என்பது தெரிந்தது.

இதில் யாரைத் திட்டுவது என்று ரெஜினுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பயந்து சொன்ன வார்த்தையை அவன் வருடாவருடம் நகப்பூச்சு போட்டுப் பாதுகாத்திருக்கிறான். அந்த வார்த்தையின் மேல் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தேய்த்திருக்கிறாள். பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். காலுக்காகவும் இல்லை, புருஷனுக்காகவும் இல்லை. வந்து ஏறிய முதல் நாளே இது எனக்குச் சரியில்லை, தூக்கு என்று சொல்ல ஒருத்திக்கு வாய் இருந்ததே, முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்க வாய் இருந்ததே, அந்த வாயைப் பார்த்துத்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த எரிச்சலுக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இர்மா பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒக்காந்து பாக்கறேன்," என்றாள் ரெஜின்.

"எங்க?" என்றான் ஒனொரே.

"எங்கயா? என் எடத்துல."

அவன் வண்டியை இன்னும் கொஞ்சம் அகலமாகக் காலை ஊன்றித் தாங்கினான். ரெஜின் ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். உயரமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கால் நுனி தரையைத் துழாவியது, தரை கிடைக்கவில்லை. ஒனொரே திரும்பிப் பார்த்தான், அவளுடைய தொங்குகிற காலைப் பார்த்தான், கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஸ்பேனரை எடுத்தது.

"எறக்கிரட்டுமா?"

"அந்தக் கம்பியில கைய வச்சா, ஸ்பேனரத் தூக்கிப் பள்ளத்துல எறிஞ்சிருவேன்."

ஸ்பேனர் பைக்குத் திரும்பிப் போயிற்று. இர்மா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தன் ஹெல்மெட்டை நீட்டினாள். ரெஜின் வாங்கி மாட்டினாள். அதுவும் சரியாக இருந்தது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

"நீங்க குட்டி வெர்னா வரைக்கும் போய்ட்டு வாங்க," என்றாள் இர்மா. "நான் கழுதப் பாதையில எறங்கிக்கறேன். அந்தக் கோல மட்டும் குடுங்க." கொஞ்சம் நிறுத்தி, கடல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "ஞாயித்துக்கெழமைக்குன்னுதான் இந்த ஷூவப் புதுசா வாங்கினேன்."

அவளுடைய குரலில் என்ன இருந்தது என்று ரெஜினுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அவளே தின்று தீர்த்த பதார்த்தம் அது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றாள். "எறங்கறதுக்கு ஒதவும்."

இர்மா ஒரு கணம் அவளை முறைத்தாள். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள், நட்பாக இல்லாவிட்டாலும் பகையாக இல்லை. இர்மா இன்னும் இரண்டு தக்காளியை எடுத்துக்கொண்டு கோலை ஊன்றிப் பாதையில் இறங்கினாள்.

சைக்கிள் கிளம்பியது. கொஞ்ச தூரம் இறக்கம், அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்கியது. ரெஜின் பயந்து பயந்து மிதித்தாள். கால் கீழே போனது, முழுசாக நீண்டது, மேலே வந்தது. வலி இருந்தது. மூன்று வருட வலி ஒரு ஏற்றத்தில் போய்விடுமா. ஆனால் கத்தி இல்லை. குடைச்சல் இல்லை. யாரோ பக்கத்து அறையில் முனகுகிற மாதிரி எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அதோடு பழகிவிடலாம்.

முன்னால் அதே முதுகு. தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது, அதைத் தைக்கச் சொல்லி அவன் கொடுக்கவே இல்லை, அவளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கியர்," என்றான் ஒனொரே.

அவள் மிதியைத் தளர்த்தினாள். கியர் மாறியது. கேட்க வேண்டிய கேள்வி அவள் வாய்க்குள் உருண்டது. அது இர்மாவின் கேள்வி. இன்னொருத்தி உடுத்திக் கழற்றிய துணியை எடுத்து உடுத்துகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வளைவு மிதித்தாள். மூன்றாவது வளைவில் அவளால் முடியவில்லை.

"முன்னாடி என்ன தெரியுது?"

முதுகு ஒரு தரம் அசைந்தது. பெடல் ஒரு சுற்றுத் தப்பியது.

"ரோடு," என்றான்.

"வேற?"

அவன் உடனே சொல்லவில்லை. சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நேரம் எடுத்துக்கொள்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவளும் அவசரப்படுத்தாமல் மிதித்தாள்.

"சுவரு இடிஞ்சு கெடக்கு. ரெண்டு ஆடு மேல ஏறி நிக்குது. கடல் இப்ப முழுசா தெரியுது, கப்பலக் காணோம், போயிருச்சு. அப்பறம் கோயில் ஓடு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இப்ப மணியும் தெரியுது."

ரெஜின் பெடல் இரண்டு சுற்றுச் சுற்றும் வரை பொறுத்தாள்.

"ஞாயித்துக்கெழம அத யாரு அடிப்பா?"

ஒனொரே திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் திரும்பினால் வண்டி தடுமாறும்.

"பின்னாடி ஒக்காந்திருக்கறவங்கதானே," என்றான்.